அளவு ஜாக்கெட் இல்லாதவர்கள்

(வாசிப்பு வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில், 'திருநங்கையரும் வேலையிடமும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் கிடைமட்ட இடஒதுக்கீடு பற்றி விரிவாகப் பேசிவிட்டார். தோழர் கிரேஸ் பானு உள்ளிட்டவர்கள் அதற்காக எத்தனை வருடமாகப் போராடி வருகிறார்கள், கர்நாடகத்தில் 2021-இல் ஒரு விழுக்காடு கொடுத்த பிறகும் இங்கே ஏன் கொடுக்கவில்லை என்றெல்லாம் கேட்டார். அந்தக் கேள்விகள் அப்படியே நிற்கட்டும். நான் அதற்கு மறுநாள் காலையைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு திருநங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது. அல்லது ஏற்கெனவே பார்க்கிற வேலையிலேயே, 'இனிமேல் நான் நானாகத்தான் வருவேன்' என்று சொல்லியாகிவிட்டது. காலையில் எட்டேகாலுக்குக் கம்பெனி வண்டி வந்து நிற்கும். எதை உடுத்திக்கொண்டு ஏறுவது?

இதெல்லாம் ஒரு பேச்சா, ஜவுளிக்கடை விஷயமாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் அப்படி நினைக்க முடியாது. உடை சின்ன விஷயமாக இருந்திருந்தால் நம் முன்னோர் அதற்காக உயிரைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தெற்கே நடந்த தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் ஓர் ஆணை போட்டார். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. மறைத்துக்கொள், ஆனால் அவர்களைப் போல ஆகிவிடாதே. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1930 டிசம்பர், இராமநாதபுரம் மாவட்டம். ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் அந்தப் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. எட்டில் பெரும்பாலானவை உடம்பின் மேல் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதைப் பற்றியவை. சாதிக்குத் துணிமேல் அவ்வளவு கண்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1927 டிசம்பரில், மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைப் பார்த்துப் பேசினார். உங்கள் சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிக் கட்டாதீர்கள், அடையாளமாகப் போட்டிருக்கிற அந்தக் கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்று சொன்னார். கூட்டம் முடிந்ததும் அங்கேயே பல பெண்கள் சேலையை மாற்றிக் கட்டினார்கள். ஆகவே, உடையைப் பற்றிப் பேசுவதை நமக்கு அவரே தொடங்கி வைத்திருக்கிறார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனி. அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிறவர்கள். நான் பி.காம் முடித்துவிட்டுத் திருப்பூருக்கு வந்தேன். ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஷிப்மென்ட் பில், பேக்கிங் லிஸ்ட், ஜி.எஸ்.டி இதெல்லாம் பார்ப்பேன். நாலு வருடம் பேன்ட் சட்டையோடு போனேன். ஒரு நாள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் பெண்ணாக வருவேன் என்று.

எச்.ஆர் மேடம் கூப்பிட்டார். கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தார். "நீங்க எப்படி வேணா இருங்க, அது உங்க பர்சனல். ஆனா ஆபீசுக்கு வரும்போது டீசன்ட்டா வாங்க. பையர் எல்லாம் வருவாங்க" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் வெளிநாட்டு பையர் கொடுத்த நடத்தை விதி தமிழில் ஒட்டியிருந்தது. சாதி, மதம், பாலினம் எதன் பேராலும் பாகுபாடு காட்டப்படாது என்று அதில் மூன்றாவது வரி.

டீசன்ட் என்றால் என்ன, மேடம் என்று கேட்டேன். "உங்களுக்கே தெரியுமே" என்றார். அங்கேதான் பிரச்சினை. பெண்ணாக உடுத்து, ஆனால் அந்த மாதிரிப் பெண்ணாக உடுத்தாதே. 1859-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் காசைப் பற்றிப் பேசுகிறேன். அதைப் பேசாமல் அடையாளத்தை மட்டும் பேசுகிறவர்களுக்கு வீட்டில் வசதி இருக்கும். எனக்கு அப்போது சம்பளம் பதினேழாயிரம். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது போக மிச்சம் கொஞ்சம்தான். பேன்ட் சட்டை ஆறு செட் இருந்தது, ஒன்றுகூட இனிமேல் உதவாது. ஒரு பெண் பதினைந்து இருபது வருடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிற துணியை நான் ஒரே மாதத்தில் சேர்க்க வேண்டும். பாவாடை, ஜாக்கெட், உள்ளாடை, துப்பட்டா, ஊக்கு, கைப்பை வரைக்கும். கைப்பை ஏன் என்று கேட்பீர்கள். சுடிதாரில் பாக்கெட் கிடையாது. போனையும் சாவியையும் எங்கே வைப்பது?

செருப்புக் கடையில் பெண்கள் செருப்பு எட்டாம் நம்பரோடு நின்றுவிடும். என் கால் பத்து. கடைசியில் ஆண்கள் செருப்பிலேயே வார் மெலிதாக இருக்கிற ஒரு கறுப்புச் செருப்பை எடுத்தேன். இன்றைக்கும் அதுதான்.

துணிக்கு எனக்குக் காதர்பேட்டை இருந்தது. ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் துணியை அங்கே மலிவாக அள்ளலாம். உலகத்துக்கே உடை தைக்கிற ஊர் திருப்பூர். ஆனால் ஒரு ஜாக்கெட் தைக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. முதல் கடைக்காரர் "யாருக்கு?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "லேடீஸ் மட்டும்தான்மா தைக்கிறோம்" என்றார். அந்த 'மா'வைக் கவனியுங்கள். வாய் ஒத்துக்கொண்டுவிட்டது, கை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கடையில் அளவெடுக்க மாட்டோம், அளவு ஜாக்கெட் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

அளவு ஜாக்கெட். பெண் தோழர்களுக்குத் தெரியும். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் அதை வைத்துப் புதியது தைப்பார்கள். அது அக்காவுக்குத் தைத்ததாக இருக்கும், அதற்கு முன்னால் அம்மாவுடையதாக இருக்கும். எனக்கு முன்னால் என் தோளகலத்தில், என் மார்பளவில் யாரும் ஜாக்கெட் போட்டதில்லை. நான் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

எங்கள் கம்பெனியிலேயே பவர் டேபிளில் பதினெட்டு வருடமாகத் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். டேப்பை எடுத்துத் தோளில் வைத்து, "பதினேழு" என்று தன் மகளிடம் சொன்னார், அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். என் உடம்பின் அளவை ஒருவர் சத்தமாகச் சொல்லி, அதில் கேலி இல்லாமல் இருந்தது அதுதான் முதல் முறை. "கை கொஞ்சம் நீளமா வச்சுக்கலாம், கழுத்து காலர் மாதிரி ஏத்தி வைக்கிறேன். குரல்வளை தெரியாது. உனக்குத் தெரியணும்னா இறக்கி வைக்கிறேன். எது வேணும் சொல்லு கண்ணு" என்றார். எது வேண்டும் என்று அந்த மாதத்தில் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் எது வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

என்ன சொன்னார்கள்? மூன்று விதமான அறிவுரை வந்தது. மூன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

எச்.ஆர் மேடம் சொன்னது வெளிர் நிறச் சுடிதார். "பளிச்சுன்னு கலர் வேண்டாம். லைட் கலர்ல காட்டன் போடுங்க. கிளாசா இருக்கும்." இந்தக் 'கிளாஸ்' எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் பொங்கலுக்கு அம்மா எங்களுக்குச் சிவப்பும் பச்சையுமாக எடுத்துத் தருவார். பள்ளிக்கூடத்தில் "சேரிக் கலர்" என்பார்கள். இப்போது திருநங்கை என்றதும் அதே அடர்நிறத்தைக் காட்டி "ஓவரா இருக்கு" என்கிறார்கள். நிறத்துக்குச் சாதி வைத்த சமூகம், அதே கையால் நிறத்துக்கு ஒழுக்கமும் வைத்திருக்கிறது. கஞ்சி போட்ட காட்டன் சேலை அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கஞ்சி போட, நிழலில் காயவைக்க, இஸ்திரி போட வீட்டில் ஒருவர் வேண்டும். எங்கம்மா கட்டுவது பூனம் சேலை. ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும், சுருங்காது. உழைக்கிற பெண்கள் பூனம் கட்டுவது ரசனைக் குறைவால் இல்லை, நேரம் இல்லாததால்.

இரண்டாவது, எங்கள் ஜமாத்தில் என்னை மகளாக எடுத்த அம்மா. அவருக்கு அறுபது வயதுக்கு மேல். "சுடிதாரு என்னடி சுடிதாரு. புடவை கட்டுடி. நாங்க அடி வாங்கிக் கட்டின புடவை அது" என்றார். அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் காலத்தில் பேருந்து நிலையத்தில் புடவையோடு நின்றாலே அடி விழும். அப்படி நின்று நின்றுதான் எங்களுக்கு நிற்க இடம் வந்தது. ஆனால் அம்மாவிடம் நான் சொன்னேன், "அம்மா, எட்டேகால் வண்டியைப் பிடிக்கணும், மாடி ஏறி இறங்கணும், குடோன்ல பெட்டி எண்ணணும். எனக்கு இன்னும் கொசுவமே நிக்க மாட்டேங்குது." அம்மா சிரித்துவிட்டு, "சரி, விசேஷத்துக்கு வரும்போது கட்டு" என்றார்.

மூன்றாவது, நம் இயக்கத் தோழர் ஒருவர். அன்பானவர். "தோழர், பெண்களைப் புடவை, பூ, பொட்டு இதிலிருந்து வெளியே கொண்டுவர நாங்க பாடுபடுறோம். நீங்க உள்ளே போறீங்களே. பெரியார் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

பெரியார் சொன்னதை நான் படித்திருக்கிறேன். பெண்கள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டும், லுங்கியும் சட்டையும் அணிய வேண்டும் என்றார். யாரிடம் சொன்னார்? புடவையும் நீள முடியும் நகையும் யார்மீது கட்டாயமாக ஏற்றப்பட்டதோ, அவர்களிடம் சொன்னார். என்மீது கட்டாயமாக ஏற்றப்பட்டது பேன்ட் சட்டை. இருபத்தாறு வருடம் அதைப் போட்டிருந்தேன். தங்கச்சியின் தாவணியைத் தொட்டதற்குச் சூடு வாங்கியிருக்கிறேன். திணிக்கப்பட்டதைக் கழற்று என்பதுதான் சுயமரியாதை என்றால், நானும் கழற்றித்தான் இருக்கிறேன். என்ன துணி என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்றும் தோழருக்குச் சொன்னேன். பேன்ட் சட்டை என்றால் முற்போக்கு, புடவை என்றால் அடிமை என்கிற கணக்கு எங்கள் தெருவில் செல்லாது. எங்கம்மா கரும்புத் தோட்டத்துக்குப் போகும்போது புடவைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார். கரும்புச் சோகை கையைக் கிழித்துவிடும். நடவுக்குப் போகிற பெண்கள், ரோடு போடுகிற பெண்கள், கூட்டிப் பெருக்குகிற பெண்கள் எல்லாரையும் பாருங்கள், புடவைக்கு மேலே ஆண் சட்டை. அவர்களைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை. உழைக்கிற உடம்புக்கு எது காப்போ அதைப் போட்டுக்கொள்கிறார்கள். பெண்ணுடை, ஆணுடை என்று கோடு கிழித்து வைத்திருப்பது வெயிலில் நிற்காதவர்களின் அலமாரியில்தான்.

எனக்கு வழி கிடைத்தது அங்கேதான். யாரைப் போலத் தெரிய வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இந்த வேலைக்கு எது சரி, எதில் நான் நானாக இருக்கிறேன் என்று யோசித்தேன். காலர் கழுத்து வைத்த முக்கால் கைச் சுடிதார் மூன்று. அதில் ஒன்று நல்ல சிவப்பு. துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திவிடுவேன், இயந்திரம் பக்கம் போகும்போது கழற்றி வைத்துவிடுவேன். அம்மா கொடுத்த பூனம் சேலை இரண்டு. முகத்தில் சாயங்காலம் நாலு மணிக்குப் பச்சை தெரியும், அது தெரியட்டும். லேசர் வைக்க ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. முடிந்தபோது செய்துகொள்வேன். முகம் வழவழப்பாகும் வரை வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

இனி, எனக்குக் கிடைத்த இரண்டு பாராட்டுகளைச் சொல்கிறேன். முதலாவது வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்தது. சான்றிதழ்களைப் புரட்டிய மேலாளர் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே தம்பி" என்றார். இரண்டாவது, நான் சுடிதார் போட ஆரம்பித்து ஒரு வருடம் கழித்து, பக்கத்து மேசைப் பெண் சொன்னது. "பார்த்தா தெரியவே இல்லக்கா. அப்படியே பொண்ணு மாதிரியே இருக்கீங்க."

இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். இரண்டும் ஒரே பாராட்டு. நீ எதுவோ அது கேவலம், அது வெளியே தெரியாமல் நீ சமாளிக்கிறாய், சபாஷ். சாதிச் சான்றிதழ் வாங்கின அன்றைக்கே இந்தச் சபாஷை எனக்குத் தெரியும். அதனால் இரண்டாவது தடவை அது வந்தபோது ஏமாறவில்லை.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பேருந்தில் தனியாக வரும் திருநங்கை யார் கண்ணிலும் படாமல் இருக்க விரும்பினால் அது அவள் உரிமை, அவள் உயிர் சம்பந்தப்பட்டது. வாடகைக்கு வீடு தேடும் நம் தோழர்கள் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி, தெருப் பெயரைச் சொல்லாமல் விடுவதும் அப்படித்தான். பாதுகாப்புக்காக மறைகிறவரை நாம் குறை சொல்ல முடியாது. மறைந்தால்தான் மரியாதை என்று விதி வைக்கிறவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை. நான் சிவப்புச் சுடிதார் போட்டுப் போன முதல் மூன்று மாதமும் அதில் பழைய பெயர், பழைய மீசை. துணியை மாற்ற எனக்கு ஒரு மாதம் ஆனது, அட்டையை மாற்ற நிர்வாகத்துக்கு மூன்று மாதம் ஆனது. அரசிதழில் பெயர் மாறட்டும், ஆதார் மாறட்டும், பி.எஃப் கணக்கில் மாறட்டும் என்றார்கள். வாசலில் காவலாளி தினமும் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, திரும்ப அட்டையைப் பார்ப்பார்.

அதே அட்டை வெளியே வேறு வேலை செய்தது. பேருந்தில் நான் ஏறினால் சில பேர் உடனே சட்டைப் பையில் பத்து ரூபாயைத் தேடுவார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கழுத்தில் அட்டையைப் பார்த்ததும் மாறிவிடுவார்கள். ஒருவர் சொன்னார், "உங்களை மாதிரி எல்லாரும் உழைச்சுச் சாப்பிட்டா நல்லாருக்கும்." அந்த வண்டியிலேயே பின்னால் என் தோழி நின்றிருந்தாள், கடை கேட்கப் போகிறவள். அவளுக்கும் எனக்கும் நடுவில் அவர் ஒரு படிக்கட்டை வைத்தார். அட்டை போட்டவள் மேலே, கைதட்டுகிறவள் கீழே.

படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் எதைச் சொன்னார்? ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவரை வைத்துவிட்டால் யாரும் கட்டடத்தை இடிக்க வர மாட்டார்கள் என்பதைத்தானே? திருநங்கையருக்குள்ளும் அந்தக் கட்டடத்தை எழுப்பப் பார்க்கிறார்கள். டீசன்ட்டான திருநங்கை, டீசன்ட் இல்லாத திருநங்கை. என் சுடிதாரை அதற்குச் செங்கல்லாகக் கொடுக்க மாட்டேன். அவள் கடை கேட்பது அவளுக்கு யாரும் வேலை தராததால். எனக்கு வேலை போகாமல் இருப்பது நான் பெண்ணாக வருவதற்கு நாலு வருடம் முன்பே, ஆணாக உள்ளே போய்விட்டதால். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒழுக்கம் இல்லை, ஒரு நேர்காணல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் பேச்சாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தருகிற கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. 2019-இல் வந்த சட்டத்தின் 9-ஆம் பிரிவு, எந்த நிறுவனமும் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 11-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் புகார் கேட்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

அதே 2019-இல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு உடை விதி போட்டது. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குப் பேன்ட் சட்டை அல்லது வேட்டி. இரண்டே வரிசை. 2008-லேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. உடை விதி எழுதும்போது அந்த நினைவு வரவில்லை.

இந்த மாநிலத்தில்தான் 2021-இல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் வந்தது, பிறகு திருநங்கையருக்கும் கொடுத்தார்கள். நல்ல திட்டம், நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் உடை மாறாத தொடக்க நிலையில் இருக்கும் தங்கச்சிகள் பேன்ட் சட்டையில் ஏறினால் நடத்துநர் என்ன செய்வார்? காசு கேட்பார். ஆக எங்களுக்குத் துணியே ஒரு சான்றிதழாக வேலை செய்கிறது. துணி வாங்கக் காசில்லாதவள் சான்றிதழ் இல்லாதவள்.

தீர்ப்பும் சட்டமும் இருந்தும் வேலை போகிறது. ஜேன் கௌஷிக் என்கிற ஆசிரியர், திருநங்கை. உத்தரப்பிரதேசத்தில் ஒரு பள்ளியிலும் குஜராத்தில் ஒரு பள்ளியிலும் வேலை இழந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 அக்டோபரில்தான் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2019 சட்டம் வெறும் காகிதமாகக் கிடக்கிறது என்கிற ஆதங்கம் அந்த நீதிமன்றத்துக்கே இருந்தது. அதைப் படித்த அன்று நான் இரண்டு சுடிதார்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். நம்மால் செய்ய முடிந்தது, தினமும் போய் உட்காருவது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன்.

நிறுவனங்களுக்கு: உடை விதி இருந்தால் எழுத்தில் இருக்கட்டும், ஆண் பெண் என்று இரண்டு வரிசை வைக்காமல் ஒரே பட்டியலாக இருக்கட்டும், யாரும் எதையும் எடுத்துக்கொள்ளட்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் துணி ஆபத்து என்றால் அப்படியே எழுதுங்கள், அதற்குக் கட்டுப்படுகிறோம். 'டீசன்ட்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதற்கு அளவு கிடையாது, அளவில்லாத சொல் எப்போதும் எளியவர் கழுத்தைத்தான் இறுக்கும். அரசுக் காகிதம் மாறும்வரை காத்திருக்காமல் உள் அடையாள அட்டையில் கேட்ட பெயரைப் போடுங்கள். கழிப்பறை விஷயத்தை முதல் நாளுக்கு முன்பே பேசி முடியுங்கள். எங்கள் மாடியில் அது முடிவாகும்வரை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன். தீபாவளிக்கு முன்பணம் கொடுப்பதுபோல, உடை மாற்றுகிற அந்த மாதத்துக்கும் ஒரு முன்பணம் கொடுங்கள்.

அரசுக்கு: ஜவுளித்துறையில் திருநங்கையருக்குப் பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல், பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுக்கும் பொறுப்பையும் நிர்ணயிக்க வேண்டும். கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான், முதலில் ஆணாக உள்ளே நுழைந்து பிறகு பெண்ணாவது என்கிற இந்தக் குறுக்குப் பாதை எங்களுக்குத் தேவைப்படாது.

தோழர்களுக்கு: மேடையில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள், படம் எடுத்துக்கொள்கிறீர்கள். மகிழ்ச்சி. உங்களில் அச்சகம் வைத்திருக்கிறவர் இருக்கிறார், கடை வைத்திருக்கிறவர் இருக்கிறார், வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகிறவர் இருக்கிறார். பொன்னாடையை விட ஒரு நாற்காலி போடுங்கள். வந்து உட்காருகிறவள் என்ன உடுத்தியிருக்கிறாள் என்பதை, உங்களுக்கு எவ்வளவு முற்போக்கான கருத்து இருந்தாலும், அவளிடமே விட்டுவிடுங்கள்.

தையல் தெரிந்த பெண் தோழர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இருப்பாள். கூப்பிட்டு அளவெடுங்கள். அக்கா எனக்குத் தைத்த முதல் ஜாக்கெட் இப்போது என்னிடம் இல்லை. என்னைப் போலவே பதினேழு அங்குலத் தோள் இருக்கிற ஒருத்தி, அடுத்த மாதம் வேலைக்குச் சேருகிறாள், அளவு ஜாக்கெட்டுக்காக வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.